களஆய்வில் காதில் விழுந்ததை யாரிடம் சொல்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்திருந்தால் பதிலும் தவறாகிவிடும். நீங்கள் சிங்கப்பூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர், மாலையில் பகுதிநேர முதுகலை மாணவர். காலையில் வேலைக்கு முன் பாதுகாப்பைப் பற்றிப் பேச நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தமிழ்நாட்டு ஊழியர்கள் ஏன் வாயே திறப்பதில்லை என்பது ஆய்வு. சொந்த நிறுவனத்தின் சைட்டிலேயே அனுமதி வாங்கிச் செய்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்குவிடுதியில் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் ஊழியர், கிரைண்டரில் கையில் அடிபட்டதாகவும், கிளினிக்குக் கூட்டிப்போகாமல் "ரூம்ல ரெஸ்ட் எடு, சம்பளம் போட்டுடறோம்" என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அதற்கு முன்பே, சாரத்தில் ஒருவர் பாதுகாப்புப் பட்டையின் கொக்கியை மாட்டாமல் நின்றதைப் பார்த்தும், அது நீங்கள் குறிப்பெடுக்கும் நேரம் என்பதால் தயங்கியிருக்கிறீர்கள். இதற்கிடையே புராஜெக்ட் மேனேஜர் உங்கள் களக்குறிப்புகளை "சும்மா ஒரு தடவை பார்க்கணும்" என்கிறார். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று கேட்கிறீர்கள். எனக்கென்னவோ அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது. அந்த ஊழியர் அதை யாரிடம் சொன்னார்? மாணவரிடமா, சேஃப்டிக்காரரிடமா, நம்ம ஊர்த் தம்பியிடமா?

நான் பணியிடங்களில் களஆய்வு செய்தே காலம் தள்ளியவன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் உட்கார்ந்து மற்றவர்களின் ஆய்வுத் திட்டங்களைப் படித்து, கேள்வி கேட்டு, திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். வழக்கறிஞன் அல்ல. சட்டம் என்று நான் சொல்லும் இடங்களில் பொதுவான நிலையைச் சொல்கிறேன். உங்கள் விவகாரத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து வருகிறேன். 2019ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வேலையில் அடிபட்ட ஒருவருக்கு ஒரே ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கிடைத்தாலும், லைட் டியூட்டி (இலகுவான வேலை மட்டும்) என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தாலும், முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்கு முன்பு பெரும்பாலும் மூன்று நாளுக்கு மேல் எம்சி இருந்தால்தான் கட்டாயம். நல்ல நோக்கத்தில் வந்த மாற்றம். ஆனால் கணக்குப் பார்க்கும் மேலாளர் ஒருவருக்கு, மருத்துவரிடமே அனுப்பாவிட்டால் எம்சியும் இல்லை, தெரிவிக்க வேண்டியதும் இல்லை என்று தோன்றிவிடும். உங்கள் ஊழியர் சொன்ன கதை எனக்குப் புதிதல்ல. அதே சட்டத்தில் ஊழியருக்குச் சாதகமானவையும் இருக்கின்றன. யார் தவறு என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, வேலை காரணமாக அடிபட்டது என்றால் போதும். வக்கீல் இல்லாமல் அவரே அமைச்சிடம் கோரலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கோர வேண்டும். மருத்துவரின் சீட்டு எதுவுமே இல்லாமல் மாதங்கள் கடந்தால் கோரிக்கை பலவீனமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவர் கேட்ட ரகசியத்தைப் பாருங்கள். தன்னைப் பற்றிய செய்தி வெளியே போகக் கூடாது என்று கேட்டார். அவருக்குத் தெரிய வேண்டிய செய்தியை நீங்கள் அவரிடம் கொண்டுபோவதற்கு எந்த வாக்குறுதியும் தடையில்லை. அடுத்த முறை பார்க்கும்போது இந்த ஓராண்டுக் கெடு, மருத்துவரிடம் போய் எப்படி அடிபட்டது என்று சொல்லிப் பதிவு வாங்க வேண்டியதன் அவசியம், ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு மருந்தகங்கள், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகள், வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவித் தொலைபேசி, எல்லாவற்றையும் சொல்லுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். களத்தில் தலையிடக் கூடாது, தலையிட்டால் தரவு கெட்டுவிடும் என்று ஆய்வு முறை வகுப்பில் படித்திருப்பீர்கள். ஒருவர் கை வீங்கிக் கிடக்கும்போது நம் தரவு தூய்மையாக இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? சொன்னீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதிவைத்தால் ஆய்வின் நேர்மைக்கு அது போதும்.

அவர் விருப்பத்தை மீறி நீங்களே அமைச்சுக்குப் புகார் செய்யலாமா என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது. என்னோடு உடன்படாத சக ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். செய்தே ஆக வேண்டும், மௌனம் உடந்தை என்பார்கள். நான் தயங்குவதற்குக் காரணம் அவருடைய வேலை அனுமதி, அந்த வொர்க் பெர்மிட். அது முதலாளியோடு கட்டப்பட்டது, முதலாளி ரத்து செய்யலாம். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் பாதிதான் அடைந்திருக்கும் நிலையில் அடுத்த விமானத்தில் திருச்சிக்குப் போகப்போவது நீங்கள் இல்லை. அந்த ஆபத்தை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்குத்தான் என்பது என் நிலை. ஆனால் அதே கிரைண்டரில் நாளை இன்னொருவர் கை மாட்டும் என்றால் கணக்கு மாறுகிறது. அப்போது ஆளைப் பற்றிச் சொல்லாமல் மெஷினைப் பற்றிச் சொல்லலாம். காப்புத் தகடு இல்லை, சோதிக்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்த மெஷினில் வேலை செய்வது அவர் ஒருவர்தான் என்றால் அதுவும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சைட்டில் உள்ள கைக்கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுச் சோதனை என்று வைத்து, அதற்குள் இதையும் போடுங்கள். உங்கள் பதவியில் அதைச் செய்ய யாரிடமும் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாரத்தில் நின்றவர் விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை என்றால் பெர்மிட்-டு-வொர்க், அதாவது அந்த வேலையைத் தொடங்க எழுத்து அனுமதி, வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதுகாப்பற்ற நிலையைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்யச் சொல்வதும் ஒருங்கிணைப்பாளரின் கடமை. குறிப்பு நோட்டைக் கையில் எடுத்ததால் அந்தக் கடமை இறங்கிவிடாது. கூப்பிட்டுக் கொக்கியை மாட்டச் சொல்லுங்கள், அப்புறம் நோட்டில் 'நான் குறுக்கிட்டேன்' என்று எழுதுங்கள். நீங்கள் வெறும் மாணவராக இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். உயிருக்கு ஆபத்து என்றால் வாயைத் திறப்பேன் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே ஊழியர்களிடமும் நிறுவனத்திடமும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் இப்போதாவது சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு சிலர் உங்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்வார்கள். குறைத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் உரிமை.

இந்த இரட்டைப் பதவி உங்கள் தலைப்பையே தொடுகிறது என்பதையும் கவனித்தீர்களா? டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அவர்கள் யார் முன்னால் வாய் திறக்காமல் நிற்கிறார்கள்? உங்கள் முன்னால்தான். அந்த மௌனத்துக்கு நீங்களும் ஒரு காரணம். இதை முன்னுரையில் ஒரு வரியில் ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடாமல் ஆய்வின் நடுவிலேயே வைத்தால் உங்கள் ஆய்வேடு பலரும் எழுதுவதைவிட நன்றாக வரும். இன்னும் நேரம் இருந்தால், பாதிக் களத்தையாவது வேறு நிறுவனத்தின் சைட்டுக்கு மாற்ற முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

மேனேஜர் விஷயத்துக்கு வருவோம். குறிப்பைக் காட்டக் கூடாது. இதில் பேரம் இல்லை. நிறுவனம் கதவைத் திறந்துவிட்டது, அதற்கு நன்றி உண்டு. அதற்குப் பதிலாக முடிவில் ஒரு சுருக்க அறிக்கை தரலாம், பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு பேச்சுக் கொடுக்கலாம். யார் என்ன சொன்னார் என்ற பக்கங்கள் அந்த நன்றிக்கடனில் சேராது. பணியிட ஆய்வின் வரலாறே இந்த இடறலோடுதான் தொடங்குகிறது. சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளை மேலாண்மை வகுப்பில் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொலைபேசிக்கான ரிலே என்ற பாகத்தைப் பொருத்தும் பெண்கள் சிலரை 1927இல் தனி அறையில் உட்காரவைத்து, இடைவேளையை, வேலை நேரத்தை மாற்றி மாற்றி உற்பத்தியை அளந்தார்கள். பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்று 1928 ஜனவரியில் அவர்களில் இருவரை எடுத்துவிட்டு வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். அறையும் நிறுவனத்தின் அறை, அதிகாரமும் நிறுவனத்தின் அதிகாரம். உற்பத்தி உயர்ந்த கதையைச் சொல்பவர்கள் பலர் இந்த இருவரைச் சொல்வதில்லை. அதே ஆலையில் 1931-32இல் வயரிங் பிரிவைச் சேர்ந்த 14 ஆண்களை ஒரு பார்வையாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தார். அவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று தங்களுக்குள் வைத்துக்கொண்டிருந்ததும், கணக்கை முன்பின்னாக எழுதியதும், விதிக்கு மாறாக ஒருவர் வேலையை இன்னொருவர் மாற்றிக்கொண்டதும் அவருக்குத் தெரியவந்தது. கேட்டதை மேலே கொண்டுபோகக் கூடாது என்பது அவருக்கு வைத்திருந்த விதி. கொண்டுபோயிருந்தால் மறுநாள் அந்த அறையில் அவர் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. மேனேஜரிடம் இந்த இரண்டாவது கதையைச் சொல்லிப் பாருங்கள், சில நேரம் எடுபடும். எடுபடாவிட்டால், குறிப்புகளை வெளியாருக்குக் காட்டுவது ஆய்வு ஒப்புதலை மீறுவது என்று உங்கள் மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரச்செய்யுங்கள். நீங்கள் அங்கே சம்பளம் வாங்குபவர். மறுப்பு உங்கள் வாயிலிருந்து வருவதைவிடப் பல்கலைக்கழகத்திடமிருந்து வருவது நல்லது.

மேனேஜருக்கு மறுக்கலாம், சட்டத்துக்கு மறுக்க முடியாது. 1983இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் மாரியோ பிரஜூஹா என்ற முனைவர் பட்ட மாணவர் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டே அதைப் பற்றி ஆய்வு செய்தார். உணவகம் சந்தேகத்துக்கிடமான முறையில் எரிந்துபோனது. களக்குறிப்புகளைக் கொண்டுவா என்று விசாரணைக் குழுவிடமிருந்து உத்தரவு வந்தது. முதலில் ஒரு நீதிபதி அவர் பக்கம் நின்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமோ, காட்டிய காரணம் போதாது என்று 1984இல் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. சிங்கப்பூரிலும் வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசுவதற்கு இருக்கும் பாதுகாப்பு ஆய்வாளரிடம் ஊழியர் பேசுவதற்குக் கிடையாது. கொலை, கொள்ளை, தீவைப்பு போன்ற குற்றங்கள் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு எல்லாரையும் கட்டுகிறது. மறைக்கப்பட்ட காயமோ சம்பளத் தாமதமோ அந்தப் பட்டியலில் வராது, அதனால் இப்போது உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். ஆனால் "நீங்க சொல்றது யாருக்குமே தெரியாது அண்ணே" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. பெயரை எழுதமாட்டேன், கம்பெனிக்குக் காட்டமாட்டேன், சட்டப்படி யாராவது கேட்டால் தரவேண்டிவரலாம் என்று சொல்லுங்கள். பெயரை உண்மையிலேயே எங்கும் எழுதாதீர்கள். குறிப்புகளை யாராவது சட்டப்படி கேட்டு வாங்கினாலும் அதில் யாரும் அகப்படக் கூடாது.

தமிழில் பேசும் ஆய்வாளருக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று உண்டு. அதைப் பற்றி ஆங்கிலப் பாடநூல்களில் அதிகம் கிடைக்காது. விடுதிக்குப் போனவுடன் "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். உங்கள் தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கம் என்றால் அடுத்த நிமிடம் நீங்கள் உறவு. சாப்பிடாமல் விடமாட்டார்கள். தட்டில் சோறு போட்டவர், அப்புறம் நீங்கள் ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது எப்படி மாட்டேன் என்பார்? அது சம்மதம் அல்ல, விருந்தோம்பலின் மிச்சம். படிவமும் நல்ல தமிழில் இருப்பதில்லை. ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி பெயர்த்து, பத்து மாத ஏஜெண்ட் கடன் வைத்திருப்பவர் படித்தால் நீதிமன்ற நோட்டீஸ் என்று நினைக்கும் நடையில் இருக்கும். புரியாத தாள்களில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, கையெழுத்து என்றாலே பிரச்சினை என்று கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். எழுத்து ஒப்புதலுக்குப் பதில் வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி கேளுங்கள். கையெழுத்தே ஆளை அடையாளம் காட்டும் ஆபத்து என்று காரணம் எழுதினால் ஐஆர்பி எனப்படும் ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். படிவத்தை நீங்களே பேச்சுத் தமிழில் சொல்லிக்காட்டி, சொன்னதை அவர் திருப்பிச் சொல்கிறாரா என்று பாருங்கள். முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். முதல் நாள் சும்மா பேசிவிட்டு வந்து, அடுத்த வாரம் கேளுங்கள். வர விருப்பமில்லாதவர் அந்த ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளட்டும். அந்த வழியை அவருக்கு விட்டுவைப்பது உங்கள் வேலை.

சூப்பர்வைசர் நான்கு பேரைப் பிடித்து அனுப்பினால் அது இன்னும் மோசம். மறுத்தது வெளியே தெரியாதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லாரும் அறைக்கு வரட்டும், பேச விருப்பமில்லாதவர் டீ குடித்துவிட்டு அதே நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். பத்தோ இருபதோ வெள்ளிக்கு ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் பொருள் வாங்கும் பற்றுச்சீட்டு கொடுப்பதாக இருந்தால் உட்கார்ந்தவுடன் கொடுத்துவிடுங்கள். கடைசியில் கொடுத்தால் பாதியில் எழுந்துபோக யாருக்கும் மனம் வராது.

ரெக்கார்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெரியாமல் பதிவு செய்வது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 1970களில் இங்கிலாந்தில் ரொட்டி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர்கள் செய்த சில்லறைத் திருட்டை ஆராய்ந்த ஜேசன் டிட்டன், கழிவறைக்குள் போய் ரகசியமாகக் குறிப்பு எழுதினார். ஒளிந்து செய்யும் ஆய்வால் மட்டுமே தெரியவரும் உண்மைகள் இருக்கின்றன என்று வாதிடுபவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அம்பலப்பட்டால் வேலை போவது ஆய்வாளருக்கா, அவரிடம் பேசியவருக்கா என்று பார்க்க வேண்டும். உங்கள் சைட்டில் பேசியவருக்குத்தான்.

கடைசியாக, இந்தக் காயத்தை ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டீர்கள். பெயரை மாற்றிவிட்டேன் என்பது போதாது. "நாற்பதைத் தாண்டிய சிவகங்கைக்காரர், கிரைண்டர் வேலை, இடது கை" என்று எழுதினால் வெளியே யாருக்கும் தெரியாது, சைட்டில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் அஞ்ச வேண்டிய வாசகர் அந்த சைட் அலுவலகத்தில் இருக்கிறார். ஊரை எடுங்கள், வயதை எடுங்கள், எந்தக் கை என்பதை எடுங்கள், கருவியை மாற்றுங்கள். வேறு சைட்டுகளில் இதுபோல் கேட்டது இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து 'சிலர் சொன்னார்கள்' என்று ஒரு பொது விவரிப்பாக்குங்கள். இந்த ஒன்று மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், அவரிடமே திரும்பப் போய், நீங்கள் எழுதியதைத் தமிழில் வாசித்துக்காட்டி, போடவா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். சரி என்றால் போடுங்கள், ஆனால் அந்த புராஜெக்ட் முடியும்வரை ஆய்வேட்டை நூலகத்தில் பொதுப் பார்வைக்கு வைக்காமல் நிறுத்திவைக்க விண்ணப்பியுங்கள். அதற்கான படிவம் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இருக்கும். மேற்பார்வையாளர் கையெழுத்திட்டால் வேலை முடிந்தது.